9 மில்லிமீட்டரில் ஓசூர் ரயில்

762ஐ 87ஆல் வகுத்தால் 8.76. ஓசூரில் ஒரு மொட்டைமாடி அறையில், காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாலையில் அங்கிருந்த மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 762 மில்லிமீட்டர் என்பது இரண்டரை அடி. ஓசூருக்கு முதன்முதலாக வந்த ரயிலின் தண்டவாள அகலம் அது. 87 என்பது எச்.ஓ. என்ற மாதிரி அளவின் விகிதம். அசலில் 87 மில்லிமீட்டர் இருந்தால் மாதிரியில் 1 மில்லிமீட்டர். கணக்குப்படி எங்களுக்கு வேண்டியது 8.76 மில்லிமீட்டர் தண்டவாளம். கடையில் கிடைப்பது, இன்னும் சிறிய 'என்' (N) என்ற அளவு ரயில்களுக்காகச் செய்யப்படும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. எப்போதோ பெயர்த்தெடுக்கப்பட்ட பாதை மேசைமேல் வர இவ்வளவு தோதாக இருக்கும் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பாதை வந்ததற்குக் காரணம் பஞ்சம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டம் பட்ட பாடு ஊர் அறிந்தது. 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன், தானியம் போய்ச் சேராத வறண்ட பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த வழியில், குறைந்த செலவில் போடக்கூடிய இரண்டரை அடிப் பாதைகளாக 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் ரயில் வந்தது. தர்மபுரிப் பாதை 1913ல் ஓசூர் வரை நீண்டது. பின்னர் இரண்டையும் மூடித் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஓசூருக்கு மறுபடியும் ரயில் வர 1960களின் கடைசி ஆயிற்று. அது சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ். 1990களில் அதுவும் அகலப் பாதையாக மாறியது. கிருஷ்ணகிரிக்கு மட்டும் போன ரயில் போனதுதான். 2004ல் மாவட்டத் தலைநகரான ஊரில் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது.

ஒரே ஊரில், நூறு ஆண்டுக்குள் மூன்று அகலத்தில் ரயில் ஓடியிருக்கிறது. மாதிரி ரயில் செய்கிறவர்களுக்கு ஓசூர் சுவையான ஊராவது இதனால்தான். மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, சமாளிக்கலாம். இன்று ஓடும் அகலப் பாதைதான் அடங்குவதில்லை. 1676ஐ வகுத்தால் 19.26 வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5, ஐரோப்பா, அமெரிக்கா ஓட்டும் 1435 மில்லிமீட்டர் பாதைக்காக வகுத்த அளவு அது. குறைவது 2.76 மில்லிமீட்டர். தச்சர் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு. இந்திய அகலப் பாதையை எச்.ஓ.வில் செய்கிற எல்லோரும் இந்த ஒரு நூலோடு வாழ்கிறவர்கள்தான். பெட்டியின் உடம்பு 87ல் ஒரு பங்கு, கால் மட்டும் குறுகியது. முன்னாலிருந்து பார்த்தால் கண் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். சிலர் 19.26 மில்லிமீட்டரில் தாங்களே தண்டவாளம் பதித்துச் சக்கரத்தையும் அச்சிலிருந்து கழற்றி அகட்டிப் போடுகிறார்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். இரு தரப்புக்கும் நடக்கும் வாதத்தை நான் பல மணி நேரம் கேட்டிருக்கிறேன். கோபமாகப் பேசிக்கொண்டே, பேச்சு முடிவதற்குள் ஒருவர் மற்றவர் வண்டியின் சக்கரத்தைத் துடைத்துக் கொடுத்திருப்பார்.

இந்தத் தோழமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. ரயில்மேல் உள்ள ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால் தபால்தலை, பழங்காசு என்று சேர்க்கிறவர்களுக்கும் ஆசை இருக்கிறது. அவர்கள் தனியாகவே சேர்த்துவிட முடியும். மாதிரி ரயில் தனியாளுக்கு அடங்காது என்பதையும் எண்ணிலேயே காட்டிவிடலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்த பழைய வகைப் பெட்டி, பஃபரோடு சேர்த்து 22.297 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில் அது 256 மில்லிமீட்டர். 22 பெட்டி கோத்தால் 5.6 மீட்டர், முன்னால் இன்ஜின் வேறு. சிப்காட் பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் பத்துக்குப் பத்து அறையில் சுவருக்குச் சுவர் 3 மீட்டர்தான். வண்டி நிற்கவே இடம் இல்லை, எங்கே ஓடுவது? வளைவுக்கு இடம் விட்டால் ஐந்தாறு பெட்டிக்குமேல் கோக்க முடியாது. முழு ரயிலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

உலகில் இதற்குக் கண்ட வழி பலகை. ஆளுக்கு நாலடி நீளத்தில் ஒரு பலகை. அதன்மேல் அவரவர் விருப்பம்போல் மலையோ வயலோ ஸ்டேஷனோ. ஆனால் பலகையின் இரண்டு முனைகளும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: தரையிலிருந்து உயரம், விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் தூரம், போல்ட் துளைகள், மின் இணைப்பு. 1970களில் கலிபோர்னியாவில் என்–டிராக் என்ற பெயரில் இந்த முறை பரவியது. 1981ல் ஜெர்மனியில் தொடங்கிய ஃபிரெமோ என்ற சங்கம் இதேபோன்ற முறையைச் செம்மையாக்கியது. ஃபிரெமோ என்ற பெயருக்குள்ளேயே நண்பர் வட்டம் என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது. ஒரு கூடம் பிடித்து, பல ஊர்க்காரர்கள் பலகைகளைக் கொண்டுவந்து கோத்து, நாள் கணக்கில் ஓட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பெயரே தெரியாத ஒருவர் செய்த மலையில் உங்கள் ரயில் ஏறிப் போகும்.

முனை மட்டும் பொது, நடுவில் உள்ளதெல்லாம் உங்களுடையது. இந்த விதியில் நட்பைப் பற்றிய ஒரு நுட்பமான அறிவு இருப்பதாக நான் நம்புகிறேன். நண்பர் நம்மைப்போல் இருக்க வேண்டியதில்லை. சேரும் இடத்தில் அளவு சரியாக இருந்தால் போதும்.

அளவு சரியாக இருப்பது ஓசூருக்குத் தெரிந்த தொழில். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டும் வந்தன. 1984ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் இங்கே கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி லேத், மில்லிங், கிரைண்டிங், ஒயர் கட் என்று சின்னப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இங்கே பதினெட்டு வயதுப் பையனுக்கும் வெர்னியர் பிடிக்கத் தெரியும். பிளக் கேஜின் ஒரு பக்கம் துளைக்குள் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. 'கோ, நோ-கோ' என்பார்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935ல் மில்வாக்கியில் தொடங்கியபோது அதன் முதல் கவலை, ஒரு கம்பெனி செய்த சக்கரம் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடவில்லை என்பது. அதற்கு அவர்கள் கண்ட கருவியும் ஒரு சின்னத் தகடுதான்: சக்கரங்களுக்கு இடையில் வைத்தால் பொருந்த வேண்டும், பாதை பிரியும் பாயிண்ட்ஸ் இடுக்கில் விட்டால் நுழைய வேண்டும். எங்கள் குழுவில் டூல் ரூமில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தத் தகட்டின் படத்தைக் காட்டியதும், "இது நம்ம கோ, நோ-கோதானே தம்பி" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கு வெளியே போனார். இரண்டு நாள் கழித்து எஃகில் ஒன்று செய்து எடுத்து வந்தார்.

அவருக்கு ரயில்மேல் தனியாக மோகம் ஒன்றும் இருந்ததில்லை. எங்களிடம் வந்து சேர்ந்த கதை வேறு. என் பலகையும் அடுத்தவர் பலகையும் சேரும் இடத்தில் வண்டி ஒவ்வொரு முறையும் தடம்புரண்டது. நான் ரம்பத்தால் அறுத்த விளிம்பு அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. ஃபெவிகால், எம்-சீல் என்று பூசி மூன்று ஞாயிறு மல்லாடினேன். கீழ்வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெரியவர் சத்தம் கேட்டு மேலே வந்து பார்த்தார். விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார். "பலகைய நம்பாதீங்க. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இரும்ப நம்புங்க" என்றார். ஒரு ஜிக் செய்தார்: கால் அங்குலத் தகட்டில் மூன்று துளை, மூன்றிலும் கடினப்படுத்திய புஷ். பலகை முனையில் அதைப் பிடித்துக்கொண்டு துளை போட்டு, நடுவில் டவல் பின் கொடுத்து, இரண்டு பக்கம் போல்ட் முடுக்கினால், யார் எங்கே அறுத்த பலகையானாலும் தண்டவாளம் நேருக்கு நேர் வந்து உட்காரும். மேலே ஒரு பித்தளைத் துண்டை வைத்து அதன்மேல் தண்டவாளத்தைப் பற்றவைத்தார். சக்கரம் இணைப்பைக் கடக்கும்போது இப்போது ஒரு மெல்லிய 'டிக்' மட்டும் கேட்கும். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள். மரியாதையாகச் 'சார்' என்று கூப்பிட்டோம். அவர்தான் 'அண்ணான்னு கூப்பிடுங்க' என்று மாற்றினார்.

தொழிற்கூடமும் இந்தப் பொழுதுபோக்கும் இப்படிக் கைகோப்பது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 1946ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய டெக் மாடல் ரெயில்ரோடு கிளப்பில் ஒரு சாரார் மேசைக்கு மேலே வீடும் மரமும் செய்ய, இன்னொரு சாரார் மேசைக்கு அடியில் தொலைபேசி நிலையத்து ரிலேக்களை வைத்து சிக்னல் வலை பின்னினார்கள். 'ஹேக்' என்ற சொல்லுக்கு இன்றைய கணினி உலகம் தரும் பொருள் அந்த அடிமேசைக்காரர்களின் பேச்சில் பிறந்தது. ஸ்டீவன் லெவி 1984ல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' நூல் அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. நம் நாட்டில் புனேயின் கோத்ரூடில், பாவுசாகேப் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மாதிரி ரயில்கள் ஒரு குட்டி நகரமாகி, 1998 ஏப்ரல் 1 அன்று அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒருவர் தன் அறையைத் திறந்துவிட்டதால் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் சிக்னல், முதல் பாயிண்ட்ஸ் அங்கே காணக் கிடைத்தது. 1989ல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் தொடங்கிய இந்திய ரயில்வே ரசிகர் சங்கமும் பல ஊர் ஆர்வலர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தது.

வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் விலை கட்டுப்படியாகாது. சுங்கப் பட்டியலில் அளவு மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது. 2023ல் அது 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு அது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்திய இன்ஜினை எச்.ஓ. அளவில் துல்லியமாகச் செய்து பரவலாக விற்கும் உள்நாட்டுத் தொழில் வளரவில்லை. அதனால் மாதிரி ரயில்காரர்கள் பொருளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமாக ஆகிறார்கள். ஒருவரிடம் ஜப்பானிய 'என்' அளவு டிராமின் அடிச்சட்டம் இருக்கும். அதன்மேல் இன்னொருவர் பிளாஸ்டிக் தாளில் குறும்பாதை இன்ஜினின் உடம்பு கட்டுவார். மூன்றாமவரிடம் முப்பரிமாண அச்சு இயந்திரம். புகைபோக்கி அவர் பொறுப்பு. மோட்டாரும் எல்.இ.டி.யும் வாங்க 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற யாராவது வரும்போது வாங்கி வருவார்கள். ஜல்லிக்குச் சலித்த எம்–சாண்ட், செம்மண்ணுக்குக் கொதித்து வடிகட்டிய டீத்தூள், புல்லுக்குச் சாயம் ஏற்றிய மரத்தூள். மைசூரில் 1979ல் அமைந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பழைய பெட்டிகளை அளக்கப் போகும்போது தனியாகப் போவதில்லை. டேப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும்.

எல்லை ஊர் என்பது இதிலும் தெரியும். ஓசூர் தமிழ்நாட்டில் இருந்தாலும் ஓசூர் ரயில் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. எங்கள் மேசையைச் சுற்றித் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். பெரியவர் 'தண்டவாளம்' என்றால் ஒருவர் 'ஹளி' என்பார், எங்களோடு இருக்கும் தச்சர் ஒருவர் தெலுங்கில் 'பட்டாலு' என்பார்; 'பாயிண்ட்ஸ்', 'லூப்', 'லைன் கிளியர்' மூவருக்கும் பொது. இரண்டு மாநிலமும் தண்ணீருக்காக முறைத்துக்கொண்டு, எல்லையில் பஸ் நிற்கும் நாட்களும் வருவதுண்டு. அந்த ஞாயிறுகளில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர் வர முடியாது. அவர் பலகை இருக்கிற இடத்தில் ஒரு வெறும் பலகையைக் கோத்து, தண்டவாளம் மட்டும் போட்டு, அன்றைக்கு ஓட்டுவோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மாதிரி ரயில் மேல்நாட்டிலிருந்து வந்த ஆண்களின் பொழுதுபோக்கு என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் படிக்குக் கீழே பார்க் போடுவது எத்தனை தலைமுறை வழக்கம்! மண் பரப்பிக் கேழ்வரகு தூவி, நாலே நாளில் பச்சைப் புல் எழும்பும். ஓசூர் ராகி விளையும் சீமை, விதைக்குப் பஞ்சமில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். செங்கல் அடுக்கிக் களிமண் பூசினால் மலை. அதைக் குடைந்தால் சுரங்கம். சுற்றி ஓட ஒரு சாவி ரயில். தமிழர் கொலு, கன்னடர் தசரா பொம்மை, தெலுங்கர் பொம்மல கொலுவு என்று இந்த ஊரின் மூன்று மொழியிலும் அது இருக்கிறது. வைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, குறை நிறை சொல்லி, சுண்டலோடு திரும்புவார்கள். அடுத்த வீட்டுப் பார்க்குக்கு இந்த வீட்டுப் பாலம் இரவல் போகும். நான் மேலே விவரித்த தோழமை முழுதும் அதில் இருக்கிறது. அவர்களை மாதிரி ரயில் கலைஞர்கள் என்று யாரும் எழுதவில்லை. எங்கள் குழுவும் அவர்களை அழைக்கவில்லை. பெரியவரின் மனைவி மாடிக்கு வந்து எங்கள் பலகையைப் பார்த்து, "புல்லுக்கு மரத்தூளா? நாலு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா ராகி போட்டுத் தந்திருப்பேனே" என்றார். அப்போதுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது தர்மபுரிப் பலகையின் வயல்கள் அவர் கைவேலை.

ஓட்டுவதிலும் தனியாள் வேலை கிடையாது. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் கிளம்ப வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷன் சம்மதிக்க வேண்டும். பழைய நாளில் நீல்ஸ் டோக்கன் கருவி இருந்தது. இந்த ஸ்டேஷன் பெட்டியிலிருந்து இரும்புப் பந்தை எடுக்க, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தன் பெட்டியில் இசைவு கொடுக்க வேண்டும். பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து, டிரைவர் கையில் கொடுப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும், ஆகவே அந்தப் பாதையில் ஒரு ரயில்தான் இருக்கும். எங்கள் மேசையில் இரண்டு காலிங் பெல்லும் ஒரு ரிலேயும் அந்த வேலையைச் செய்கின்றன. ஓசூரில் நிற்பவர் மணி அடிப்பார். எட்டடி தள்ளி தர்மபுரியில் நிற்பவர் தன் லூப்பைப் பார்த்துவிட்டு, பதில் மணி அடித்தால்தான் ஓசூர் தண்டவாளத்தில் மின்சாரம் வரும். காத்திருக்க வேண்டும். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிக்கும்வரை ரயில் நிற்கும்.

பெரிய சண்டை ஒன்றே ஒன்றுதான் நடந்தது. குறும்பாதை நாட்களில் கிருஷ்ணகிரிப் பாதையும் ஓசூர்ப் பாதையும் தனித்தனி. ஒன்று திருப்பத்தூரில் முளைத்தது, மற்றது மொரப்பூரில். இரண்டும் எங்கும் தொட்டுக்கொண்டதில்லை. கிருஷ்ணகிரிப் பலகை செய்கிறவர் அந்த ஊர்க்காரர், வேலைக்காகத் தினமும் பஸ்ஸில் ஓசூர் வந்து போகிறவர். இரண்டையும் மேசைமேல் சேர்த்துவிடலாம் என்றார். வரலாற்றில் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பழைய சர்வே வரைபடம் வந்தது, குரல் உயர்ந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை கேட்டு எங்கள் ஊரில் எத்தனை வருஷமாக மனு எழுதுகிறார்கள் தெரியுமா என்று அவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று முடிவு எடுக்காமலே விளக்கை அணைத்துவிட்டு இறங்கினோம்.

அடுத்த ஞாயிறு அவர் பலகையைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கிழக்கு முனையில், திருப்பத்தூர் பக்கம், ஜிக் வைத்துப் போட்ட மூன்று துளைகள் இருந்தன. பலகையைத் திருப்பினோம். ஓசூரைப் பார்த்த மேற்கு முனையிலும் மூன்று துளைகள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து பிளக் கேஜை எடுத்து ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். மூன்றிலும் சரியாக உட்கார்ந்தது.